பரிசும் ஒரு சாட்சியமே

அன்பளிப்பு அன்பை வளர்க்கும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த வாழ்க்கைப் பாடம். ஒருவருக்கொருவர் பரிசு வழங்கிக்கொண்டால் உள்ளங்களில் நேசம் பிறக்கும் என்ற கருத்தில் அவர்கள் அருளியதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ‘அல்அதபுல் முஃப்ரத்’ என்னும் நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். நம் குடும்பங்களில் இந்தச் சுன்னத்து என்றும் உயிரோடு இருந்து வருகிறது. பெருநாளன்று மாமா கையில் வைக்கும் காசு, குர்ஆன் ஓதி முடித்த பிள்ளைக்குச் சாச்சா எடுத்துத் தரும் சட்டை, சபர் போய்த் திரும்பிய காக்காவின் பெட்டியிலிருந்து வெளிவரும் பேனா ஆகிய யாவும் விலையால் சிறியவை. பிள்ளைகளின் நெஞ்சில் ஆண்டுக்கணக்காக நிற்பவை.

காலம் மாறும்போது பரிசின் வடிவமும் மாறுகிறது. இன்று பத்து வயதுப் பிள்ளையிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், அது பெரும்பாலும் ஜப்பான் நாட்டில் உருவான ஒரு சித்திரத் தொடரின் பெயரைச் சொல்கிறது. ‘அனிமே’ என்று உலகெங்கும் அழைக்கப்படும் இத்தொடர்கள் தகடுகளாகக் கிடைக்கின்றன. இவற்றுள் பலவற்றுக்கு மூலமான கதைகள் ‘மங்கா’ எனப்படும் படக்கதைப் புத்தகங்களாகக் கிடைக்கின்றன. கைப்பேசி வழியே மாதச் சந்தாவாகவும் கிடைக்கின்றன. வாங்கிக் கொடுப்பது எளிது. ஆனால், உடன்பிறந்தாரின் பிள்ளைகளுக்கு இதனை வாங்குவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அன்பு நம்முடையது, பிள்ளையோ அவர்களுடையது. ஆகவே இங்கு ஓர் அறக் கேள்வி எழுகிறது. பிறர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கதையைப் பரிசாகக் கொடுப்பவர், எதற்கெல்லாம் பொறுப்பாளி ஆகிறார்?

சட்டையைப் பரிசளிப்பதும் கதையைப் பரிசளிப்பதும் ஒன்றல்ல. சட்டை பெரிதாக இருந்தால் உம்மா அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்; இரண்டு ஆண்டுகளில் பிள்ளை அதற்கு ஏற்றபடி வளர்ந்துவிடும். கதை அவ்வாறு காத்திருப்பதில்லை. கண்ணிலும் காதிலும் புகுந்த அக்கணமே அது உள்ளத்தில் இடம் பிடித்துக்கொள்கிறது. பொருந்தாத சட்டையைக் கழற்றிவிடலாம்; பொருந்தாத காட்சியைக் கழற்றி எறிய எந்தப் பிள்ளையாலும் இயலாது. இரவில் விளக்கை அணைத்த பின்னும் அது பிள்ளையோடு படுத்திருக்கும்.

இந்தப் பொருளில் நம் சமுதாயத்தில் இரு சாரார் இருக்கக் காண்கிறோம். ஒரு சாரார், ‘சித்திரப் படம்தானே, சிறு பிள்ளைகளுக்கு உரியது’ என்று கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடுகின்றனர். மறு சாரார், ‘அத்தனையும் குப்பை’ என்று பெயரைக் கேட்டவுடனேயே ஒதுக்கிவிடுகின்றனர். இரு சாராரிடமும் உள்ள பொதுக்குறை, எவரும் அதைப் பார்க்கவில்லை என்பதே.

உருவப் படங்களைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதையே அறவே விலக்குவோர் உளர். நிழல் விழும் சிலைக்கும் திரையில் ஓடும் காட்சிக்கும் வேறுபாடு காண்போரும் உளர். அந்த விவாதத்தை இங்கு விரிக்கப் போவதில்லை. படங்களே வேண்டாம் என்று பேணுதலாக வாழும் வீட்டுக்கு அனிமேயைக் கொண்டுபோய்க் கொடுப்பது அந்த வீட்டாரை அவமதிப்பதாகும். அதனைத் தவிர்த்துவிட வேண்டும். ஆனால், குழந்தையின் கற்பனையே மார்க்கத்துக்கு ஆகாதது என்று எண்ணுவோர், அபூதாவூத் தொகுப்பில் வரும் ஒரு நிகழ்ச்சியை நினைவில் கொள்வது நல்லது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே, துணித் துண்டுகளால் இரு இறக்கைகள் வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குச் சிரித்தார்கள். இளம் உள்ளம் இறக்கை கட்டிப் பார்த்ததை அவர்கள் கண்டிக்கவில்லை, மகிழ்ந்தார்கள். ஆகவே கற்பனை வேண்டுமா வேண்டாமா என்பதன்று நம் கேள்வி. எந்தக் கற்பனை, எந்த வயதுக்கு, யாருடைய பொறுப்பில் என்பதே கேள்வி.

சித்திரம் என்றாலே சிறுவர்க்கு என்னும் எண்ணம் ஜப்பானில் என்றோ மறைந்துவிட்டது. ஒசாமு தெசுக்கா படைத்த இயந்திரச் சிறுவனின் கதையான ‘அஸ்ட்ரோ பாய்’ 1963 ஜனவரி முதல் நாளன்று அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வாரத் தொடராகத் தொடங்கியது. அன்று முதல் வளர்ந்த இக்கலை, இன்று எல்லா வயதினருக்கும் கதை சொல்கிறது. குழந்தைகளுக்கானவை, பதின்வயதுப் பையன்களுக்கானவை, அவ்வயதுப் பெண் பிள்ளைகளுக்கானவை, வளர்ந்த ஆடவருக்கும் மகளிருக்கும் உரியவை என்று அங்கே பிரிவுகள் உண்டு. ஆனால் இப்பிரிவுகள் பெரிதும் மங்காவை வெளியிடும் இதழ்கள் யாரை நோக்கி விற்கப்படுகின்றன என்பதைக் கொண்டு அமைந்தவை. கதை எந்த வயதுக்குத் தீங்கில்லாதது என்பதற்கு அவை உறுதிச் சீட்டு அல்ல. 1968-இல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ என்னும் புகழ்பெற்ற இதழ், பெயரளவிலேயே சிறுவருக்கு உரியது. 1980-இல் தொடங்கி, ஓர் இயந்திரச் சிறுமியின் குறும்புகளைச் சொல்லிச் சிரிக்கவைத்த ‘டாக்டர் ஸ்லம்ப்’ வெளிவந்ததும் அதில்தான். யாருடைய பெயரை எழுதினாலும் அவர் இறந்துபோகும் ஒரு குறிப்பேட்டைக் கண்டெடுத்த மாணவன், தானே நீதிபதி என்று கருதி உயிர்களைப் பறிக்கும் ‘டெத் நோட்’ 2003 முதல் 2006 வரை வெளிவந்ததும் அதே இதழில்தான்.

கதைத் தலைவன் சிறுவனாயிருப்பதும் ஒரு சான்று ஆகாது. நம் நாட்டு மழலைகள் வயிறு குலுங்கச் சிரித்துப் பார்க்கும் ‘ஷின்சான்’ ஐந்து வயதுப் பாலகனின் கதை. ஆனால் அதன் மூலப் படக்கதை 1990-இல் வெளிவரத் தொடங்கியது வளர்ந்தோருக்கான ஒரு வார இதழில் என்பதைப் பெற்றோருள் எத்தனை பேர் அறிவர்? குழந்தையைப் பற்றிய கதை வேறு. குழந்தைக்கான கதை வேறு.

ஜப்பானியத் தொலைக்காட்சியில் மற்றொரு வேலியும் உண்டு. அது நேரம் என்னும் வேலி. முதிர்ந்தோருக்கான பல தொடர்களை நள்ளிரவுக்குப் பின்னரே ஒளிபரப்புவது அங்கே வழக்கம். ‘டெத் நோட்’ படத்தொடராக 2006-இல் வந்தபோது நள்ளிரவு கடந்த வேளையில்தான் வந்தது. பிள்ளைகள் உறங்கும் நேரமே அவர்களுக்குக் காவலாக நின்றது. ஆனால் அதே தொடர் தகடாகவோ சந்தாவாகவோ நம் வீட்டுக்கு வரும்போது அந்த வேலி கழன்று விழுந்துவிடுகிறது. நள்ளிரவுக் கதை நண்பகலில், சோற்றுத் தட்டுக்கு முன்னால் ஓடுகிறது. விழுந்த வேலியை மீண்டும் நட்டுவைக்கும் பொறுப்பு யாருடையது? அதைக் கையில் கொண்டுவந்து கொடுத்தவருடையது அன்றோ?

இங்குதான் நம் கருத்தின் மையத்துக்கு வருகிறோம். பரிசு என்பது வெறும் பொருள் மாற்றம் அன்று; அது ஒரு சாட்சியம். மாமா ஒன்றைப் பரிசாகத் தரும்போது, ‘இது நல்லது, உனக்கு ஏற்றது, நான் இதற்குப் பொறுப்பு’ என்று வாய் திறவாமலே சொல்லிவிடுகிறார். பிள்ளை அதை நம்புகிறது. கடையில் தானே கண்டெடுத்ததை ஐயத்தோடு பார்க்கும் பிள்ளை, நேசமுள்ள கையிலிருந்து வந்ததை ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறது. சாட்சியத்துக்கு நம் ஃபிக்ஹு நூல்கள் விதிக்கும் முதல் நிபந்தனை யாது? சாட்சி சொல்பவர் தாம் சொல்வதை அறிந்திருக்க வேண்டும் என்பது. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரணைக்கு உரியவை என்றும் அல்லாஹ் தன் திருமறையின் பதினேழாம் அத்தியாயத்தில் எச்சரிக்கின்றான். செவி, பார்வை, உள்ளம் என்ற மூன்று வாயில்களின் வழியேதான் திரைக் கதையும் நுழைகிறது. பார்க்காத தொடரைப் பரிசளிப்பவர், பார்க்காததற்குச் சாட்சி சொல்கிறார்.

முதல் பகுதியைப் பார்த்துவிட்டோம், போதாதா எனச் சிலர் கேட்கலாம். போதாது. 2011-இல் வெளிவந்த ‘மடோக்கா மேஜிகா’ என்னும் பன்னிரண்டு பகுதித் தொடரின் தொடக்கத்தைப் பார்ப்பவர், வண்ண உடையணிந்த சிறுமியர் மாய வலிமை பெறும் மென்மையான கதை என்றே கொள்வர். மூன்றாம் பகுதியின் இறுதியில் அச்சிறுமியருள் ஒருத்தி கொடிய முறையில் கொல்லப்படுகிறாள். அதன் பிறகு கதை இருண்டுகொண்டே போகிறது. அது திறமான படைப்பு என்று போற்றப்படுவது உண்மையே. ஆனால் எட்டு வயதுச் சிறுமிக்கு உரியதன்று. மேலட்டை மட்டும் பார்த்து வாங்கியவர் இதை எங்ஙனம் அறிவார்?

நீண்ட தொடர்களில் வேறொரு நுட்பமும் உண்டு. ‘நருட்டோ’ 2002-இல் தொடங்கி 220 பகுதிகளும், அதன் தொடர்ச்சி 2017 வரை 500 பகுதிகளுமாக ஓடியது. கதை தொடங்கும்போது அதன் தலைவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். பின்னர் அவன் வளர, போரும் பழிவாங்கலும் மரணமும் கதையில் பெருகுகின்றன. ஜப்பானில் அதனை அன்று பார்க்கத் தொடங்கிய பையன்கள் பதினைந்து ஆண்டுகளில் கதையோடு தாமும் வளர்ந்தனர். இன்று ஒன்பது வயதில் தொடங்கும் பிள்ளையோ சில மாதங்களிலேயே கடைசிப் பகுதிக்கு வந்துவிடும். கதை வளர்ந்துவிட்டது, பிள்ளை வளரவில்லை.

வளைகுடா நாடுகளில் வாழும் நம் சகோதரர்கள் மற்றொன்றையும் கருத வேண்டும். டமாஸ்கஸ் நகரத்து ‘மர்கஸுஸ் ஸஹ்ரா’ நிறுவனம் ஜப்பானியத் தொடர்களை இலக்கண அரபியில் மொழிபெயர்க்க, 2000-இல் தொடங்கிய ‘ஸ்பேஸ்டூன்’ தொலைக்காட்சி அவற்றை அரபு நாடெங்கும் பரப்பியது. அரபுச் சிறுவர் ஒரு தலைமுறையே ஃபுஸ்ஹா மொழியைச் செவிவழி கேட்டுப் பழக அது உதவிற்று. அரபி கற்பிக்கும் நமக்கு இது மகிழ்ச்சியான செய்தியே. ஆனால் அந்நிறுவனம் தகாத காட்சிகளை வெட்டியும் சில இடங்களில் கதையையே மாற்றியும் வெளியிட்டது. அவ்வடிவத்தைச் சிறுவயதில் பார்த்த ஒருவர், இன்று சந்தாவில் கிடைக்கும் வெட்டப்படாத மூல வடிவத்துக்குச் சாட்சி சொல்ல இயலாது. பெயர் ஒன்றே, பொருள் வேறு.

சரி, பார்த்தாகிவிட்டது. எதைக் கொண்டு அளப்பது? 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானியத் திரையரங்குகளில் ஒரே நிறுவனத்தின் இரு படங்கள் ஒன்றாக, ஒரே காட்சியில் திரையிடப்பட்டன. ‘ஜிப்லி’ என்னும் அந்நிறுவனம் இன்று உலகப் புகழ் பெற்றது. ஒரு படம் ஹயாவோ மியாசாக்கி இயக்கிய ‘மை நெய்பர் டொடோரோ’. தாய் மருத்துவமனையில் இருக்க, தந்தையோடு கிராமத்துக்குக் குடிவரும் இரு சிறுமியர், அருகிலுள்ள காட்டில் ஒரு பெரிய, சாதுவான விந்தை உயிரைச் சந்திக்கும் கதை. மற்றொன்று இசாவோ தக்காஹத்தா இயக்கிய ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’. 1945-இல் கோபே நகர் மீது விழுந்த குண்டுகளில் தாயை இழந்த பதினான்கு வயது அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் பசியால் சிறுகச் சிறுக மடியும் கதை. அதன் மூலக்கதையை 1967-இல் எழுதிய அக்கியுக்கி நொசாக்கா, அப்போரில் தம் இளம் தங்கையைப் பசிக்கு இழந்தவர்.

ஒரே நிறுவனம், ஒரே நாள், ஒரே வகைத் தூரிகை. முதற்படத்தை ஐந்து வயதுப் பிள்ளை பார்க்கலாம். இரண்டாவதை அப்பிள்ளைக்குக் காட்டுவது கொடுமை. அதனால் அது தீய படமாகிவிடுமா? இல்லை. போரின் பெயரால் பசித்துச் சாகும் குழந்தைகளைப் பற்றி உணராமலே ஒருவன் வளர்ந்து ஆளாகிவிடுவதும் கொடுமையே. இன்றைய உலகில் எங்கெங்கே குழந்தைகள் அவ்வாறு மடிகின்றனர் என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து வயதுப் பையன் பெரியவர் ஒருவர் அருகிலிருக்க அதைப் பார்ப்பானாயின், அவன் இதயம் இளகும். ஆகவே ‘வயதுக்கு ஏற்றது’ என்றால் துயரமே இல்லாதது என்று பொருளல்ல. டொடோரோவிலும் தாய்க்கு என்ன ஆகுமோ என்ற ஏக்கம் உண்டு. துயரத்துக்கும் ஒரு வயது இருக்கிறது. அந்த வயதில் அது மருந்து, அதற்கு முன் அது நஞ்சு.

இந்த உண்மை நமக்குப் புதியதன்று. சூரா யூசுஃபை எண்ணிப் பாருங்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு நாம் அதனைக் கனவு கண்ட சிறுவனின் கதையாக, பொறாமை கொண்ட அண்ணன்மாரின் கதையாக, கிணற்றிலிருந்து காத்த இறைவனின் கருணையாகச் சொல்கிறோம். அமைச்சரின் மனைவியால் நேர்ந்த சோதனையின் விளக்கத்தை வாலிபத்தை எட்டிய மாணவனுக்கே எடுத்துரைக்கிறோம். சூரா ஒன்றே, விளக்கத்துக்குப் படிகள் உண்டு. மக்களிடம் அவர்கள் அறிந்துகொள்ளத்தக்க அளவில் பேசுமாறு அலீ (ரலி) அவர்கள் கூறியதாகப் புகாரியில் காண்கிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதுகையில், எவ்விதப் பதிவுமற்ற தூய மாணிக்கம் போன்றது குழந்தையின் உள்ளம் என்கிறார்கள், நல்லோர் வரலாறுகளைக் கேட்பிக்கவும் காமத்தைப் பாடும் கவிதைகளிலிருந்து காக்கவும் சொல்கிறார்கள். அதே இடத்தில், பாடம் முடிந்த பின் பிள்ளையை விளையாட விடாமல் தடுத்தால் அதன் உள்ளம் செத்துவிடும் என்றும் எச்சரிக்கிறார்கள். காவலும் வேண்டும், களிப்பும் வேண்டும் என்பதே ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் அவர்களின் நிலை. பிரித்தறியும் பருவமான தம்யீஸ், வாலிபத்தை நெருங்கும் பருவம், புலூக் என்று நம் சட்ட அறிஞர்கள் வகுத்த படிகளும், ஏழு வயதில் தொழுகையை ஏவி, பத்து வயதில் படுக்கையைப் பிரிக்கச் சொன்ன நபிமொழியும், வயதென்பது வெறும் எண்ணன்று என்பதை உணர்த்துகின்றன.

ஆகவே மூன்று அளவுகோல்களை முன்வைக்கிறோம். முதலாவது, கண் தாங்குமா? 2020-இல் வெளிவந்த ‘டீமன் ஸ்லேயர்’ திரைப்படத்துக்கு ஜப்பானிலேயே, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தோர் பெற்றோர் துணையோடு பார்க்கும் வகைச் சான்றிதழே வழங்கப்பட்டது. நம் நாட்டிலும் 2024 முதல் தணிக்கைச் சான்றிதழில் 7, 13, 16 என வயதுப் படிகள் குறிக்கப்படுகின்றன. இவை பயனுள்ள அயல் சாட்சியங்கள். ஆனால் அவை நம் கொள்கையை அறியா.

இரண்டாவது, அறிவு பிரித்துப் பார்க்குமா? 2001-இல் வந்த ‘ஸ்பிரிட்டட் அவே’யில், பேராசையோடு உண்ட பெற்றோர் பன்றிகளாகிவிட, பத்து வயதுச் சிறுமி உழைத்து அவர்களை மீட்கிறாள். பேராசைக்கு இதைவிட நல்ல பாடம் அரிது. ஆனால் அவள் உழைக்குமிடம் ஜப்பானியர் நம்பும் எண்ணற்ற தெய்வங்கள் நீராட வரும் விடுதி. டொடோரோவிலும் தந்தையும் மக்களும் ஒரு பெரிய மரத்துக்குத் தலை வணங்கி நன்றி கூறும் காட்சி உண்டு. தௌஹீது வேரூன்றிய பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ‘இது அவர்கள் நம்பிக்கை’ என்று விலகி நின்று பார்க்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த இடத்தில் ஒரு சொல் விளக்கம் தேவை. விளக்க ஆள் இல்லாவிடில் அப்பரிசு முழுமை பெறாது.

மூன்றாவது, காலம் இடம் கொடுக்குமா? முன்னர்க் கூறிய நருட்டோவின் 720 பகுதிகளையும் பகுதிக்கு இருபது நிமிடம் என்று குறைத்து வைத்தாலும், 240 மணி நேரமாகிறது. தொடரைப் பரிசளிப்பவர், அந்த நேரத்தையும் பிள்ளையிடமிருந்து எடுத்துச் செலவிடுகிறார். ஸ்விட்சர்லாந்து மலையில் பாட்டனாரோடு வாழும் அனாதைச் சிறுமியின் கதையான ‘ஹைடி’ 1974-இல் வெளிவந்தது. 52 பகுதிகளில் முடிவது. வாரம் ஒன்றாகப் பார்த்தால் ஓராண்டுக்கு வரும். முடிவுடைய பரிசு முடிவற்ற பரிசினும் நல்லது. இந்த அளவுகோலின்படி சந்தாவைப் பரிசளிப்பதில் நமக்குத் தயக்கம் உண்டு. நூலொன்றைக் கொடுப்பது வேறு. காவலரில்லாத நூலகத்தின் சாவியைக் கொடுப்பது வேறு.

இஸ்லாமிய வரலாற்றைச் சொல்லும் படமென்றால் இந்த அளவுகோல்கள் வேண்டாமா எனலாம். அங்கும் வேண்டும். சவூதி நிறுவனமொன்றும் ஜப்பானின் தோயெய் நிறுவனமும் கூடி உருவாக்கிய ‘அர்ரிஹ்லா’ 2021-இல் வெளிவந்தது. அப்ரஹாவின் படை மக்காவை நோக்கி வந்த யானை ஆண்டின் பின்னணியில் அமைந்த கதை அது. பொருள் நம்முடையதே, ஆயினும் போர்க்களக் காட்சிகள் நிறைந்தது. சூரா ஃபீலை மனனம் செய்த மழலைக்கெல்லாம் அது ஏற்றதென்று சொல்லிவிட முடியாது.

இனி நீதியைப் பற்றி ஒரு சொல். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை, தம் மக்களுள் அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பை வழங்கி, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், இல்லை என்றறிந்ததும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். அன்பளிப்பும் சாட்சியமும் ஒரே இடத்தில் சந்திக்கும் நிகழ்ச்சி இது. தந்தைக்குச் சொல்லப்பட்ட இந்நீதி மாமனுக்கும் மாமிக்கும் வழிகாட்டியே. ஆனால் சமநீதி என்பது பதினைந்து வயது அண்ணனுக்கும் ஐந்து வயதுத் தங்கைக்கும் ஒன்றையே கொடுப்பதன்று. அண்ணனுக்கு மழலைக் கதையைக் கொடுத்தால் அவன் வளர்ச்சியை மதிக்கவில்லை என்று பொருள். தங்கைக்கு அண்ணனுடையதைக் கொடுத்தால் அவள் மழலையைக் காக்கவில்லை என்று பொருள். அன்பில் சமம், பொருளில் வேறுபாடு என்பதே நீதி. எனினும் ஒரே கூடத்தில் ஒரே திரையுள்ள வீட்டில், அண்ணனுக்குக் கொடுத்ததைத் தங்கையும் பார்ப்பாள். எனவே திரைக்குரிய பரிசை அவ்வீட்டின் மிக இளைய பிள்ளையை எண்ணியே தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது மூத்தவனுக்குப் புத்தகமாகக் கொடுக்க வேண்டும்.

பெற்றோரின் அனுமதி இதைவிட முக்கியமானது. ‘வாப்பாவிடம் சொல்லாதே’ என்று காதோடு சொல்லிக் கொடுக்கும் பரிசு, கதையை மட்டுமா கொடுக்கிறது? மறைத்தலையும் சேர்த்துக் கற்றுக் கொடுக்கிறது. பெற்றோர் அளவுக்கு மீறிக் கண்டிப்பாக இருக்கிறார்கள் என்று தோன்றினால், பேச வேண்டியது அவர்களிடம். பிள்ளை வழியாக அன்று. மாறாக, ‘எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்களே பார்த்துக் கொடுங்கள்’ என்று ராத்தா சொன்னால் நம் சுமை குறைவதில்லை; இரட்டிப்பாகிறது. அவர் தம் அமானிதத்தின் ஒரு பகுதியை நம் கையில் வைத்துவிட்டார்.

‘நாம் கொடுக்காவிட்டாலும் பிள்ளை எப்படியும் கைப்பேசியில் பார்க்கத்தானே போகிறது’ என்பார் உண்டு. இது வலுவான வாதம், தள்ளிவிடலாகாது. பார்க்கலாம், பல பிள்ளைகள் பார்க்கின்றன. ஆனால் தானாகத் தேடிப் பார்த்ததைப் பிள்ளை ஒரு நாள், ‘இது சரியில்லையோ’ என்று கேட்டுக்கொள்ள வழியுண்டு. மதிப்புக்குரியவர் கொடுத்ததைப் பற்றி அது அவ்வாறு கேட்பது அரிது. உலகில் தீமை உண்டென்பது, அதற்கு நம் முத்திரையைக் குத்திக் கொடுக்கக் காரணமாகாது. இந்த வாதத்துக்கு உண்மையான பதில், நல்ல தொடர் ஒன்றைத் தேடிக் கொடுப்பதே. வெறும் தடை பிள்ளையைத் தனிமைக்குத் துரத்தும். நல்ல மாற்று நம் அருகில் உட்கார வைக்கும்.

அருகில் உட்காருதல் என்றோம். ஒரு பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தினர். இளவயதினரான அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் காண விரும்ப, நபி (ஸல்) அவர்கள் தாமே மறைப்பாக நின்று காணச் செய்தார்கள். அன்னையார் தாமாகப் போதும் என்று சலிக்கும் வரையில் நின்றார்கள். உலகத்துக்கே வழிகாட்ட வந்தவர்களுக்கு வேலைகள் இல்லாமலா இருந்தன? இளம் உள்ளத்தின் மகிழ்ச்சிக்காக நேரம் ஒதுக்கி உடன் நிற்பதும் வழிகாட்டலே என்று காட்டினார்கள். தகட்டை மேசை மேல் வைத்துவிட்டு விமானம் ஏறும் மாமா பரிசின் பாதியைத்தான் கொடுத்திருக்கிறார். தொலைவிலிருந்தாலும் வாரம் ஒருமுறை அழைத்து, ‘எந்தப் பகுதி வரை வந்தாய்? அவன் செய்தது சரியா?’ என்று கேட்பாராயின், மறு பாதியையும் கொடுத்துவிடுகிறார்.

பரிசின் விலையைப் பிள்ளைகள் மறந்துவிடுவர். கொடுத்தவரின் நம்பகத்தை மறப்பதில்லை. ஆகவே, கொடுப்பதற்கு முன் முழுவதும் பார்ப்போம். பார்த்ததைப் பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்வோம். கொடுத்த பின் பிள்ளையோடு இருப்போம். நம் கைகளிலிருந்து நம் பிள்ளைகளுக்குச் செல்வது ஒவ்வொன்றும் மறுமையில் நமக்குச் சார்பான சாட்சியாக நிற்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.